சுடலையின் காலைக் குறை சொன்ன கதை

பிள்ளைகளே, நான் கெடுத்த வண்டிகளும் உண்டு. கெடுத்ததைத் திரும்பச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். இந்த ஒன்றில் அது முடியவில்லை.

சேரன்மகாதேவியில் என் பட்டறைக்கு ஒரு நெல் வியாபாரியின் மினி லாரி கிளட்ச் வேலைக்கு வந்தது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் மாற்றினேன். அதைப் பதினோரு வருஷமாக ஓட்டியவன் சுடலை. எங்கள் பக்கத்து டிரைவர்கள் பலரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். அதனால் வேலை முடிந்த வண்டியில் அவர்கள் காலடிக்குப் புதுக் கோரைப்பாய்த் துண்டு ஒன்றை மடித்துப் போட்டுக் கொடுப்பது என் வழக்கம்.

மறுநாளே சுடலை வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ரிவர்ஸ் விழமாட்டேங்கு. கரகரன்னு கத்துது. இஞ்சினை ஆஃப் பண்ணுனாத்தான் ஃபர்ஸ்டே விழுது."

இஞ்சின் நின்றிருக்கும்போது விழுகிற கியர், ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். கிளட்ச் முழுசாக விடவில்லை, இஞ்சினில் இருந்து கியர்பாக்ஸ் பிரியவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். கிரீஸ் படக்கூடாதென்று பாயை எடுத்து வெளியே வைத்துவிட்டு ஏறி மிதித்துப் பார்த்தேன். எல்லா கியரும் சத்தமில்லாமல் விழுந்தன.

"இங்கன ஒழுங்காத்தானல விழுது?"

"எனக்கு விழலியே அண்ணாச்சி."

"பழைய நெனப்புல பைய மிதிக்காத. நல்லா அழுத்து."

பாயைத் திரும்பப் போட்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து முதலாளியும் கூட வந்தார். அம்பாசமுத்திரத்தில் களத்தில் இருந்து வண்டியைப் பின்னால் எடுக்க முடியாமல் போய், மழையில் நெல் நனைந்துவிட்டதாம். மறுபடியும் பாயை எடுத்து வைத்துவிட்டுத்தான் பார்த்தேன். மறுபடியும் குறை இல்லை.

"சொல்லும்வே, கோளாறு வண்டிலயா, இவன்கிட்டயா?" என்றார் முதலாளி.

சுடலை என் முகத்தையே பார்த்தான்.

"வண்டில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மிதிக்கிற காலுலதான்" என்றேன்.

"கேட்டியாலே? கிளட்ச் மிதிக்கத் தெரியாதவனுக்கா இத்தன வருஷம் வண்டியக் கொடுத்திருக்கேன்? சாவிய வை."

சாவியை வைத்துவிட்டு நடந்தே போனான்.

ஒரே வாரத்தில் புது டிரைவரும் அதே குறையோடு வந்தார். அன்றைக்கு எதையும் எடுக்காமல் நானே ரோட்டுக்கு ஓட்டிப் போனேன். பெடல் கீழே போய்ப் பாயில் இடித்து நின்றது. அது முழுசாக இறங்க இன்னும் ஒரு அங்குலம் மிச்சம். கிளட்சைத் தொடும் முன் பெடல் சும்மா இறங்குகிற ஃப்ரீ பிளேயையும் நான் கூடுதலாக வைத்திருந்தேன். கடைசி அங்குலத்தில்தான் கிளட்ச் விடும். பாயை இழுத்து வெளியே போட்டேன். ரிவர்ஸ் விழுந்தது.

அன்றே முதலாளியிடம் சொன்னேன். "புது ஆள் வந்தாச்சுவே, விடும்" என்றார்.

சுடலை வீட்டுக்கும் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "ரெண்டு இடத்துல வேலை கேட்டேன். கால் சரியில்லாத டிரைவராமேன்னு சிரிக்கானுவ. அங்கனயும் வந்து சொல்லுவீயளா அண்ணாச்சி?"

இரண்டு இடத்துக்கும் போய்ச் சொன்னேன். "அன்னைக்கும் நீருதான் சொன்னீரு, இன்னைக்கும் நீருதான் சொல்லுதீரு. எதவே நம்ப?" என்றார்கள்.

குறை சொல்லி வரும் வண்டியை வந்த கோலத்திலேயே ஓட்டிப் பாருங்கள். ஒரு துணியைக்கூட நகர்த்தாதீர்கள். ஓட்டியவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சுடலை இப்போது அம்பாசமுத்திரத்தில் மூட்டை தூக்குகிறான். நான் அந்த வழியாகப் போனால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கும் கூப்பிட வாய் வருவதில்லை.