வலது பின்சக்கரம்

அப்பாவோடு நான் கடைசியாக வண்டியில் போனது, ஒரு சத்தத்தைத் தேடி. வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் தீவின் சலேலோலோகா கப்பல் துறையிலிருந்து எங்கள் ஊர் சஃபோத்துவுக்குத் திரும்பும் வழியில். அவருடைய பேருந்தில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள்.

சத்தம் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதை ஃபோனில் பதிவுசெய்து நியூசிலாந்துக்கு எனக்கு அனுப்பியிருந்தார். அங்கே ஒரு காகித ஆலையில் பேரிங்குகளின் அதிர்வை அளப்பது என் வேலை. வேலைக்கு நடுவே ஒருமுறை கேட்டுவிட்டு, "பிரேக்ல கல் மாட்டியிருக்கும்பா" என்றேன். அவர் பிரேக்கை இரண்டு முறை கழற்றித் துடைத்தார். சக்கரம் சுட்டபோதும் பிரேக்தான் என்று நினைத்துக்கொண்டார். என் மகள் சொன்னாள் என்று எல்லோரிடமும் சொல்லியபடி தினமும் ஆட்களை ஏற்றி ஓட்டினார். விடுமுறையில் வந்து அன்று வண்டியில் ஏறினேன். துறையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டருக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அது பிரேக் இல்லை. பேரிங் என்றால், அது உடையும் நாளில் சக்கரம் இறுகும், அல்லது கழன்று போகும்.

அப்பா பெயர் அலெசானா. வயது அறுபத்தொன்று. இருபத்தாறு வருடம் இதே சாலையில், இதே மரக்கூடு வைத்த வண்டியை ஓட்டினார். வெறுங்காலோடுதான் ஓட்டுவார். செருப்புப் போட்டால் கால் செவிடாகிவிடும் என்பார். யார் எந்த வாசலில் இறங்குவார்கள் என்று கேட்கமாட்டார். காலையில் யாராவது வாசலில் நிற்கவில்லை என்றால் ஹார்ன் அடித்துவிட்டு இன்ஜினை அணைத்துக் காத்திருப்பார். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

சலேயாவுலாவில் எரிமலைக்குழம்பு இறுகிய வெளியில் சாலை நேராகப் போகும். வீடு இல்லை, பன்றி குறுக்கே வராது. அங்கே வந்ததும் அப்பா வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

"அண்ணே, பாட்டு எங்க?" என்றான் தனியேலு. ஒருகாலத்தில் ரக்பி ஆடியவன், இப்போது நூற்றிருபது கிலோ.

"பாட்டுக்காரர் சாப்பிடப் போயிருக்காரு. அஞ்சு நிமிஷம் யாரும் பேசாதீங்க."

"பேசாம இருக்கலாம். என் கோழி உருகுதே," என்றாள் மக்கெரீத்தா அத்தை. ஒரு கண்ணில் கட்டோடு சந்தையில் கிழங்கு விற்றுவிட்டு, உறையவைத்த கோழியோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

"உருகட்டும்க்கா. வீட்டுக்குப் போனதும் அடுப்புலதான வைக்கப் போறீங்க."

நாற்பதுக்குப் போனார். கரகரவென்று சத்தம் வேகத்தோடு ஏறியது. நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானாக ஓடவிட்டார். சத்தம் குறையவில்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை, கியரும் இல்லை. பிரேக்கை லேசாகத் தொட்டார். கொஞ்சம்கூட மாறவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம்னு பாக்கணும்," என்றேன். "வளைச்சு ஓட்டுங்கப்பா. பாரம் விழற பக்கம் சத்தம் கூடும்."

"வளைச்சா எல்லாரும் வாந்தி எடுப்பாங்க. பாரத்தை நகர்த்துனாப் போச்சு." வேகத்தைக் குறைத்து, பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாரும் இடது பக்கம் போங்க. மடி மேல மடி."

கூட்டம் ஏறினால் ஒருவர் மடியில் ஒருவர் உட்காருவது எங்களுக்கு வழக்கம்தான். ஆனால் பாதி வண்டியைக் காலியாக விட்டுவிட்டு யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

"தனியேலு என் மடியில உக்காந்தா என்னையும் மூட்டை கட்டித்தான் இறக்கணும்," என்றாள் மக்கெரீத்தா அத்தை.

"நீங்க என் மடிக்கு வாங்க அத்தை."

"உன் பொண்டாட்டி பாத்தா?"

"அவ அங்க வாத்தியார் மடியில இருக்கா. அவ என்னத்தப் பாக்கப் போறா."

நான் வண்டியின் பின்பகுதியில் குப்புறப் படுத்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைத் தரையில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தேன். எல்லோரும் இடது பக்கம் போனார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது. வலது பக்கம் வந்தார்கள். காதைக் கிழித்தது. முன்பக்கம் போய்க் கேட்டேன், அங்கே சத்தம் மெலிவாக இருந்தது. மறுபடி பின்னால் வந்தேன்.

"வலது பின்சக்கரம்ப்பா. பேரிங்."

அப்பா ஓரமாக நிறுத்தினார். இறங்கி, சக்கரத்தின் நடுவில் தண்ணீர் தெளித்தார். சுர்ரென்று ஆவி வந்தது. இடது பக்கம் வெறும் ஈரம்தான்.

"அப்ப பிரேக்குன்னு சொன்னது?" என்றான் தனியேலு, ஜன்னல் வழியாக.

"ஃபோனுக்கு ஒரு காதுதான்டா," என்றார் அப்பா. "அதுக்கு எப்படி வலது இடது தெரியும்."

"இல்ல. நான் ஒழுங்காக் கேக்கல," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மக்கெரீத்தா அத்தை, "இப்ப வந்து கேட்டல்ல? வண்டி போகுமா, போகாதா?" என்றாள்.

"ஆளோட போகாது அத்தை."

அப்பா எல்லோரையும் இறக்கினார். அவர்களை ஏற்றிப்போக, ஊரில் பிக்கப் வைத்திருந்த ஒருவரை ஃபோனில் அழைத்தார். மக்கெரீத்தா அத்தைக்குச் செவ்வாய்க்கிழமை துவாசிவி ஆஸ்பத்திரியில் கண்கட்டு பிரிக்க வேண்டும். "செவ்வாய் காலைல உங்க வாசல்ல ஹார்ன் அடிப்பேன்," என்று அவளிடம் சொன்னார். காலி வண்டியை நடக்கிற வேகத்தில் ஊருக்கு ஓட்டி வந்தோம்.

சனிக்கிழமை ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். பக்கத்துத் தீவில், ஆப்பியாவில் ஒரு கடையில் புதிய பேரிங் இருந்தது. திங்கட்கிழமை காலைக் கப்பலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். துறைக்கு நான் போகிறேன் என்றேன்.

"நீ தூங்கு. லீவுல வந்தவ," என்றார். "கப்பல் ஆபீஸ் பசங்களோட வம்பு பேசி நாளாச்சு. நானே போறேன்."

ஞாயிறு தேவாலயத்திலிருந்து வந்து சாப்பிட்டார். பாயில் படுத்தார். மாலை ஜெபத்துக்கு எழுப்பப் போனேன். இதயம் நின்றுபோய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

புதன்கிழமை வீட்டுக்குப் பக்கத்திலேயே, சாலையைப் பார்த்த மாதிரி அடக்கம் செய்தோம். மக்கெரீத்தா அத்தை கண்கட்டோடு வந்திருந்தாள். வண்டி மூன்று சக்கரத்தில் நிற்கிறது.

நேற்றுக் கப்பல் ஆபீசிலிருந்து அப்பாவின் ஃபோனுக்கு அழைப்பு வந்தது. பேசியவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் போல. திங்கட்கிழமையிலிருந்து அலெசானா பெயரில் கனமான சின்னப் பெட்டி ஒன்று கிடக்கிறது, எப்போது வந்து வாங்குவார் என்று கேட்டான்.