வள்ளியம்மாளுக்குத் தனி கிளாஸ் கிடையாது

டீயே குடிக்காதவள் என்று வள்ளியம்மாளுக்கு வடமாலபேட்டையில் பெயர். அடேயப்பா, எவ்வளவு பெரிய பொய்! அவள் புருஷன் கன்னையா டீயை வாயில் வைத்து இரண்டு மடக்கு குடிக்க வேண்டியதுதான், பிஸ்கட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். கேட்காமல் கொள்ளாமல் அவர் கிளாஸில் தோய்ப்பாள். கடைசியில் அவருக்கு அடிவண்டல்தான் மிஞ்சும்.

"உனுக்குன்னு ஒரு கிளாஸ் போட்டுக்கினா இன்னா?" என்று அவரும் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுப் பார்த்தார்.

"எனுக்கு டீ வாணாம். நீ குடி" என்பாள், தோய்த்துக்கொண்டே.

திருப்பதியில் சம்பந்தி வீட்டுக்குப் போனால் மட்டும் அடக்கம் வந்துவிடும். மகன் கிஷோரின் மானம் போகக் கூடாதென்று, பீங்கான் தட்டில் வைத்த பிஸ்கட்டை வெறுமனே மென்று விழுங்குவாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவரை டீ வாங்கச் சொல்லி, அதில் தோய்த்துத் தின்ற பிறகுதான் அவளுக்கு உயிர் வரும்.

அவள் போய் இன்றோடு வருஷம் திரும்பிவிட்டது. கிஷோர் திருப்பதியிலிருந்து வந்திருந்தான். படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, வடை பாயசத்தோடு ஒரு கிளாஸ் டீயும் பிஸ்கட்டும் வைத்தாள் கன்னையாவின் தங்கை கமலம்மா.

கன்னையாவுக்கு மனசு கேட்கவில்லை. இந்த ஒரு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து டீ குடித்து, பாதிக்கு மேல் தொண்டையில் இறங்காமல் வாசலில் கொட்டுகிற மனுஷர். பேச்சுத் துணைக்குக்கூட வீட்டில் ஆள் இல்லை. இன்றைக்காவது அவள் வந்து வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவர் தவிப்பு. தனக்கென்று வைத்த முழுக் கிளாஸை அவள் எந்தக் காலத்தில் தொட்டாள்? சட்டென்று அதை எடுத்து இரண்டு மடக்கு குடித்துவிட்டு மறுபடி இலையில் வைத்தார்.

"அய்யய்யோ! படையல எச்ச பண்ணிட்டியே அண்ணே! செத்தவங்களுக்கு யாராச்சும் எச்ச வெப்பாங்களா?" கமலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வேறு டீ போட எழுந்தாள்.

"ஒக்காரும்மா. நான் குடிச்சாதான் அவ துன்னுவா."

கிஷோர் அத்தையின் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "உடு அத்த. நைனா இஷ்டம்." கற்பூரம் ஏற்றினான்.

கன்னையா ஒரு பிஸ்கட்டை எடுத்து, அவளுக்காக டீயில் தோய்த்தார். படத்தையே பார்த்துக்கொண்டு அப்படியே பிடித்திருந்தார். பிஸ்கட் ஊறி, முறிந்து, பொத்தென்று உள்ளே விழுந்தது. இன்னொன்று எடுத்தார். அதுவும் போச்சு. விரலில் ஒட்டிய துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்.

"எப்ப வெளிய எடுக்கணும்னு எனுக்குத் தெரிலடா கிஷோரு" என்றார். "நான் ஒரு நாளும் தோச்சதே இல்ல. அவதான் தோச்சி, பாதிய எனுக்கு ஊட்டுவா."