துபாய் வெயிலில் ஒரு பேண்ட் ஸ்டாண்ட்

பழைய இரும்பைச் செப்பனிடும் தொழிலில் துரு அதிகம் தொல்லை தருவதில்லை. துரு வாய் திறந்து பேசாது. பேசுகிறவர்களைச் சமாளிப்பதில்தான் ஆயுள் கழிகிறது. கோயில் தேரோ, மாமனார் விட்டுச்சென்ற சுவர்க்கடிகாரமோ, எதையாவது ஒழுங்காகப் பழுதுபார்க்க முயன்று, "புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமே" என்ற யோசனையைக் கேட்டுப் பல்லைக் கடித்தவர்கள் இதைப் படிக்கும்போது என் பக்கம் நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

நான் கோயம்புத்தூரில் உலோகவியல் படித்தவள். பொதுக் கட்டடங்களின் பழைய இரும்பு வேலைகளைக் காக்கும் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, துபாயின் அல் குசைஸில் குடியிருக்கும் மகன் வீட்டுக்கு வந்தேன். ஓய்வு எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு கட்டுமான நிறுவனம் ஆலோசனை கேட்டபோது மறுக்காமல் புறப்பட்டேன்.

படத்தில் நின்றது

நிறுவனத்தின் முதலாளி அமீரகத்துக்காரர். பணியாளர் அனைவருக்கும் அவர் 'அர்பாப்'. நகரத்துக்கு வெளியே மணலோரத்தில் அவர் கட்டிய குடியிருப்பின் நடுவே ஒரு பூங்கா. அதற்காக இங்கிலாந்தின் ஆலை நகரம் ஒன்றில் பிரித்துப்போட்ட விக்டோரியா மகாராணி காலத்துப் பேண்ட் ஸ்டாண்டை ஒரு தரகரிடம் வாங்கியிருந்தார். ஆலைப் புகையில் மூச்சுத் திணறிய தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமை சாராயக்கடைக்குப் போகாமல் நல்ல காற்றும் நல்ல இசையும் பெறவேண்டும் என்று அக்கால நகரசபைகள் பூங்கா தோறும் எழுப்பிய எண்கோண வாத்திய மண்டபம் அது. தூண், கைப்பிடி, கொடிச் சித்திரம், கூரை முகப்பு என்று வார்ப்பாலையின் விலைப்படப் புத்தகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், துண்டு துண்டாக வந்து சேரும், பூட்டி நிறுத்துவார்கள்.

எங்களுக்கும் துண்டு துண்டாகவே வந்து சேர்ந்தது. அல் குசைஸ் தொழிற்பேட்டையில் காதர் பாயின் இரும்புப் பட்டறையில் கண்டெய்னரைத் திறந்தபோது, உடைந்த தாங்கிகளும் துருவேறிய தூண்களும் வைக்கோலுக்கு நடுவே கிடந்தன. திட்ட மேலாளர் ரகுராமன், சென்னைக்காரர், கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். ஃபைபரில் ஒரு நகல் செய்ய முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார். குளிர்காலத் திறப்பு விழாவுக்குள் இரும்பு மண்டபம் நின்றால் சரி. இல்லையேல் அந்த இடத்தில் ஃபைபர் நிற்கும், இரும்பு ஷார்ஜாவின் பழைய இரும்புச் சந்தைக்குப் போகும் என்று என்னிடம் நிதானமாக அறிவித்தார். பிறகு கண்டெய்னருக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆனா மேடம், வாங்கறச்சே போட்டோல நின்னுண்டுதானே இருந்தது?"

சுரண்டிப் பார்த்தல்

காதர் பாய் காயல்பட்டினத்தார். பட்டறையில் அவர் எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். கப்பல் உதிரிகளும் எண்ணெய்க் குழாய்களும் செய்து பழகியவர் ஆதலால், துருவைக் கண்டதும் மணலைப் பீய்ச்சி அடிக்கும் இயந்திரத்தைக் கிளப்பச் சொன்னார். நான் குறுக்கே போய் நின்றேன். அந்த வேகத்தில் மணல் பட்டால் இலை நரம்பும் பூவிதழும் மழுங்கி, கொடிச் சித்திரம் கோதுமை மாவுக் கொழுக்கட்டை போல ஆகிவிடும். தவிர, பழைய வண்ணத்தில் ஈயம் உண்டு. அதைப் புழுதியாகப் பறக்கவிட்டு ஆட்கள் நுரையீரலில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். முகமூடி போட்டு, களிம்பு தடவி, மெல்ல உரித்தெடுக்க வைத்தேன். காதர் பாய் முணுமுணுத்தார், ஆனால் செய்தார்.

உரிப்பதற்கு முன் ஒரு தூணின் மறைவான மூலையில் சிறு கத்தியால் நானே சுரண்டினேன். மேலே வெள்ளை, அதற்கடியில் நகரசபைச் சாம்பல், பிறகு ஒரு வெளிர்நீலம், இன்னும் கீழே இரண்டு மூன்று பச்சை. இரும்பை ஒட்டிய அடித்தளத்தில் அசல் நிறம் இருந்தது: தூணுக்குக் கரும்பச்சை, பூவேலைக்குச் செங்காவி. ரகுராமனின் கையில் இருந்த ஒப்புதல் தாளிலோ வெள்ளையும் தங்கமும். கல்யாண மண்டபத்து நாற்காலிக்கு அந்த நிறம் பொருந்தும், இதற்குப் பொருந்தாது என்றேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அர்பாப்கிட்ட நான் எப்படிப் போய்ச் சொல்றது மேடம்? அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்குத் தங்கம் கட்டுப்படியாகலைன்னு சொல்லிப் பார்க்கட்டுமா?"

ராடைக் கீழே வைங்க

அவர் என்ன சொன்னாரோ தெரியாது. கரும்பச்சைக்கும் செங்காவிக்கும் ஒப்புதல் வந்தது. அந்த மகிழ்ச்சி ஒரு வெள்ளிக்கிழமை வரைதான் நீடித்தது. நான் பட்டறைக்குப் போகாத அன்று, ராமநாதபுரத்து வெல்டர் செல்வம் எனக்கு உதவி செய்வதாக எண்ணி, விரிசல் விட்ட கூரைத் தாங்கி ஒன்றைச் சாதாரண வெல்டிங் ராடால் பற்றவைத்துவிட்டார். பார்வைக்கு அழகான வேலை. மறுநாள் காலை நான் அதைக் கையில் எடுத்தபோது, பற்றவைத்த கோட்டுக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல் ஓடியிருந்தது. வார்ப்பிரும்பு ஓரிடத்தில் மட்டும் சூடேறினால், ஆறும்போது இழுபட்டு வெடிக்கும். எஃகின் வழக்கம் வேறு, இதன் வழக்கம் வேறு.

"செல்வம், ராடைக் கீழே வைங்க" என்று சொல்லி, நெருப்பே இல்லாமல் தைக்கும் முறையைக் காட்டினேன். விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு, அவற்றில் உலோகப் பூட்டுகளை அடித்து இறுக்குவது. கிழிந்த துணிக்குத் தையல் போடுவது போன்றதுதான். இரண்டு தாங்கிகளுக்குப் பிறகு அவர் கை பழகிவிட்டது. மனம் பழகவில்லை. சுத்தியலை வைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்:

"அம்மா, நடுக்கடல்ல ஆயில் ரிக்கையே ஒட்டி நிப்பாட்டியிருக்கேன். இந்தக் கெழட்டு இரும்புக்கு மட்டும் ஏம்மா இம்புட்டு ரோசம்?"

சுருங்கி வந்த திராட்சைக்கொடி

எண்கோணத்தின் ஒரு பக்கத்துக்குத் திராட்சைக்கொடிப் பலகை இல்லை. வழியில் தொலைந்ததோ, பிரித்தவர்கள் வைத்துக்கொண்டார்களோ, தெரியாது. புதிதாக வார்க்க வேண்டும். அதற்கு மரத்தில் ஓர் அச்சு செய்யச் சொல்லியிருந்தேன். அவ்வளவு நாள் பொறுக்க முடியாத ரகுராமன், அசல் பலகைகளில் ஒன்றைக் கழற்றி, "இதையே வெச்சு வாருங்கோ" என்று ஷார்ஜாவில் ஒரு வார்ப்பாலைக்கு அனுப்பிவிட்டார். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அச்சை அந்தச் சுருக்கத்துக்கு ஏற்பச் சற்றுப் பெரிதாகச் செய்யவேண்டும். அசலையே அச்சாக வைத்தால் வருவது அசலைவிடச் சிறியதாகவே இருக்கும். இது முதலாண்டுப் பாடம்.

வந்த பலகையைத் தூக்கிப் பூட்டினோம். இரு பக்கமும் விரல் நுழையும் சந்து. "பட்டி வெச்சு அடைச்சு பெயின்ட் அடிச்சுடலாம் மேடம், யார் அண்ணாந்து பார்க்கப் போறா?" என்றார் ரகுராமன். நான் பார்ப்பேன் என்றேன். வார்ப்பாலை மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, அளவு குறைந்து வந்ததற்கு விளக்கம் கேட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், துளியும் பதறவில்லை.

"ஏனுங்க மேடம், நீங்க அனுப்புனது தாய், நாங்க அனுப்புனது புள்ள. புள்ள தாயைவிடச் சின்னதாத்தானுங்க இருக்கும்?"

இங்கே மழை ஏது?

மர அச்சு வந்தது. சரியான அளவில் பலகையும் வந்தது. தூண்களை நிறுத்தி, கூரையேற்றி, மண்டபம் பூங்காவின் நடுவில் எழுந்துவிட்டது. இனி நான் முடிவுச் சான்றில் கையொப்பமிட வேண்டியதுதான் பாக்கி என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன். தரை முழுக்க இத்தாலிய மார்பிள் பளபளத்தது. தூண்களின் அடியில் இருந்த சிறு வாய்களைக் காணவில்லை.

இதைச் சற்று விளக்கவேண்டும். அந்தத் தூண்கள் உள்ளே வெற்றிடமானவை. கூரையில் விழும் மழைநீர் தூணுக்குள் இறங்கி, அடியில் உள்ள வாய்வழியே தரைக்கால்வாய்க்குப் போகும். வெளியே ஒரு குழாய்கூடத் தெரியாத அழகின் சூட்சுமம் அதுதான். சைட் எஞ்சினியர் அந்த வாய்களைப் பூனை குட்டிபோடும் பொந்து என்று கருதி, சிமென்ட் வைத்து அடைத்து, கால்வாய்மேல் மார்பிள் பதித்துவிட்டார். "துபாய்ல மழை ஏது மேடம்? மழை மாஃபி!" என்று, 'இல்லை' என்பதை அரபியிலும் சொல்லிச் சிரித்தார் ரகுராமன். பெய்யாத ஊரில் பெய்துவிட்டால் கார்களே மிதக்கும் என்பதற்கான வீடியோவை எனக்கு அனுப்பியவரும் அவர்தான். தூணுக்குள் தேங்கும் நீர் இரும்பை உள்ளிருந்தே தின்னும். வெளியே எவ்வளவு வண்ணம் பூசினாலும் பயனில்லை. கையொப்பமிட மறுத்தேன். அவருடைய சிரிப்பு நின்றது. மார்பிளைப் பெயர்க்க அவகாசமில்லை, என் கையொப்பம் இல்லாமல் மண்டபத்தைத் திறக்க முடியாது, ஃபைபர் நகல் கிடங்கில் தயாராக இருக்கிறது, இன்று மாலையே இதைக் கழற்றச் சொல்லிவிடுவேன் என்றார். "கழற்றுவதற்கு முன் அர்பாபை வரச்சொல்லுங்கள். பேரீச்சை மரங்களுக்குத் தண்ணீர் விடும் டேங்கரையும் வரச்சொல்லுங்கள்" என்றேன்.

இருவரும் வந்தார்கள். அர்பாப் வெள்ளைக் கந்தூரா அங்கியில், கையில் காவா என்னும் அரபுக் காப்பியின் சிறு கோப்பையுடன் மண்டபத்தின் நடுவே நின்றார். டேங்கர் ஓட்டிய பெஷாவர்காரர் குழாயைத் தோளில் ஏற்றி, "மாஜி, ஃபுல் ஃபோர்ஸ்?" என்று கேட்டார். ஃபுல் ஃபோர்ஸ் என்றேன். கூரைமேல் மழை கொட்டியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. தரையில் ஒரு சொட்டும் இல்லை. ரகுராமன் என்னைப் பார்த்துப் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். தூண்கள் உள்ளே நிரம்பிக்கொண்டிருந்தன என்பது எனக்கும் தூண்களுக்கும் மட்டுமே தெரியும். பிறகு ஒவ்வொரு தூணின் உச்சி மூட்டிலிருந்தும் துருநீர் பீய்ச்சிக்கொண்டு கிளம்பியது. ஒரு பீச்சு ரகுராமனின் சட்டையை நனைத்தது. அர்பாப் கந்தூராவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அவர் வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் வெளியே வந்தார். இரும்பு பழுதா என்று என்னைக் கேட்டார். இரும்பு நலம், வாயைக் கட்டிவிட்டார்கள் என்றேன். கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். அதிலும் தண்ணீர் கலந்திருந்தது. ரகுராமன் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னார்:

"கலாஸ், போதும், மார்பிளைப் பெயர்த்து எடு. நான் பேண்டு வாசிக்க இடம் கேட்டேன் பாய். நீரூற்று எப்போது கேட்டேன்?"

தட்டிப் பார்த்தவர்

வாய்கள் திறந்தன, டேங்கரை மறுபடி வரவழைத்துச் சோதித்த பிறகே கையொப்பமிட்டேன். திறப்பு விழாவன்று கரும்பச்சைத் தூண்களுக்கு நடுவே பிலிப்பைன்ஸ் இசைக்குழு ஒன்று வாசித்தது. ஃபைபர் நகல் கிடங்கிலேயே இருந்தது. ரகுராமன் விருந்தினர்களிடம், தூணுக்குள் தண்ணீர் இறங்கும் சூட்சுமத்தைத் தாமே கண்டுபிடித்தவர் போல விளக்கிக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை, சரியாகவே விளக்கினார்.

குடியிருப்பில் புதிதாக வீடு வாங்கிய திருச்சித் தம்பதி, கணினித் துறையினர், படியேறி வந்தார்கள். அந்தப் பெண் செல்வம் தைத்த தாங்கியின் கீழே நின்று, தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். "ஃபைபர்தாங்க. ஆனா சூப்பரா பண்ணியிருக்காங்க, அப்படியே இரும்பு மாதிரி" என்றாள் கணவனிடம். அருகில் நின்ற நான், இது இரும்புதான், விக்டோரியா மகாராணி காலத்து வார்ப்பிரும்பு, இங்கிலாந்தில் ஒரு பூங்காவில் நின்றது என்று சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். என் நரைத்த தலையைப் பார்த்தாள்; முகத்தில் ஒரு கனிவு வந்தது.

"இந்த ஊர்ல எல்லாத்துக்கும் இப்படித்தான் ஒரு கதை சொல்வாங்க ஆன்ட்டி, நீங்க நிஜம்னே நம்பிட்டீங்களா?"

நூறாண்டு கடந்த இரும்பை அதன் சொந்த நிறத்திலும் சொந்த மூட்டிலும் பழுதின்றி நிறுத்திவிட்டால், வளைகுடாவில் அதற்குக் கிடைக்கும் மிக உயர்ந்த நற்சான்று, அது அசலைப் போலவே இருக்கிறது என்பதுதான்.