கறுப்பு பீருக்கு ஒரு கிரேடு

எங்கள் ஆம்பூர் தோல் கம்பெனியில் தோலை விரலால் தடவியே ஏ, பி, சி என்று கிரேடு சொல்வார் ஒரு நரைமீசைக்காரர். பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வது என் வேலை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலூர் சத்துவாச்சாரியில் தனியாக இருந்த அவர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். முன்பு அயர்லாந்தில் வேலை பார்த்தபோது தினமும் குடித்த கறுப்பு பீராம். தோஸ்த் ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். இரண்டு கிளாஸில் ஊற்றினார்.

“எனக்கு வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கும். நீ குடிச்சிட்டுச் சொல்லுப்பா.”

“கசக்குது சார்.”

“அது தெரியும்டா. அப்புறம் இன்னா வருது?”

“வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி... இனிப்பே இல்ல. முழுங்கினதும் நாக்கு காய்ஞ்சிடுது.”

“அதான்! அதேதான்! கிரேடு சொல்லு.”

“ஏ, சார்.”

நான் பீர் குடிப்பதே இதுதான் முதல்முறை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடிக்கத் தொடங்கியிருந்தார்.