நாவறண்டு படித்த எங்கள் அண்ணன்

அண்ணன் இல்லாத ஓராண்டை எப்படியோ கடந்துவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்கு அவருடைய வாழ்வைச் சொல்வது தங்கையாகிய என் கடமை.

அண்ணன் சேரன்மகாதேவியில் பிறந்தார். குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரு கால்களும் முடங்கின. அப்பா சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளியில் விடுவார். அங்கே கழிப்பறைக்குப் படிகள் உண்டு. பிடித்து ஏறக் கம்பி கிடையாது. அதனால் காலையில் காப்பிகூடக் குடிக்காமல் போய், மாலையில் வீடு வந்த பிறகே தண்ணீர் குடிப்பார். பன்னிரண்டாம் வகுப்பு வரை அப்படித்தான்.

நல்ல மதிப்பெண் எடுத்தார். ஆனால் அதற்கு மேல் என்ன என்று வீட்டிலோ பள்ளியிலோ யாரும் யோசித்திருக்கவில்லை. "இம்புட்டு படிச்சதே போதும்லே. வெளிய போயி ஏன் கெடந்து அல்லாடணும்?" என்றார் அப்பா. சில ஆண்டுகள் அண்ணன் முன்னறையிலேயே இருந்தார். அந்த நாள்களைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பிறகு அஞ்சல் வழியில் பட்டம் பெற்று, தேர்வெழுதி, அரசு அலுவலகத்தில் எழுத்தரானார். அண்ணியை மணந்ததும் அதன் பிறகுதான்.

மூன்று சக்கர ஸ்கூட்டர் வாங்கியதும் சுற்றியுள்ள மேல்நிலைப் பள்ளிகளுக்குப் போகத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் திருநெல்வேலிக்கு வரச்சொல்லி, தனியே பேருந்து ஏறப் பழக்கினார், கல்லூரிகளைக் காட்டினார். "வகுப்ப பொறவு பாப்போம். மொதல்ல கக்கூசு எங்கன இருக்கு, உள்ள போவ முடியுதான்னு பாரு. தண்ணி குடிச்சாத்தான் படிக்க முடியும்" என்பார். வசதியில்லாத கல்லூரிக்கு மறுவாரமும் போய் முதல்வரைப் பார்ப்பார்.

ஐம்பது வயதாகும் முன்பே சிறுநீரகம் பழுதானது. "சின்ன வயசுல தண்ணி குடிக்காததாலயா டாக்டர்?" என்று கேட்டார். அதுவும் சேர்ந்திருக்கலாம் என்றார் மருத்துவர். டயாலிசிஸ் தொடங்கியதும் தண்ணீரை அளந்துதான் குடிக்கச் சொன்னார்கள்.

பாபநாசத்து மாணவி ஒருத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தும், விடுதிக்கு அனுப்ப அவள் தந்தை மறுத்தார். அண்ணன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நடக்க முடியாத பிள்ள சார். கண் காணாத எடத்துல எப்படி விடுவேன்?"

"நாம எத்தன நாளைக்கு இருப்போம் அண்ணாச்சி? நாம போன பொறவு அவ பழகணுமா? இருக்கும்போதே பழகட்டும்."

"யோசிச்சிச் சொல்லுதேன் சார்" என்று அவர் போனை வைத்தார். அடுத்த வாரம் அண்ணன் போய்விட்டார்.

அவரை மடியில் தாங்கியதுபோல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், நேரம் பாராமல் வந்த ஆட்டோ ஓட்டுநருக்கும், அலுவலக நண்பர்களுக்கும், காரியங்களில் தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்த மாணவியின் தந்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். அண்ணன் இறந்த செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை.

"சார் இருக்காவளா? பிள்ளய ஆஸ்டல்ல விட்டுட்டு நேரா இங்கன வாரேன். சார்ட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

அண்ணிதான் எழுந்து போய், "உள்ள வாங்க அண்ணாச்சி" என்றார்.