ஐந்து தேவ இரகசியம் தாங்கிய பேஸ் கிட்டார்

ஜோகூரின் உலு திராமில் ஸ்கூல் வேன் ஓட்டும் எவ்லினுக்கு உருவம் சின்னது, குரல் பெரியது. "உக்காருங்க!" என்று அவள் ஒரு தடவை சொன்னால் அவள் வேனில் இருக்கிற பிள்ளைகள் மட்டுமா, பக்கத்து வேன் பிள்ளைகளும் உட்கார்ந்துவிடும். அந்தக் கனத்த குரலை மாதா கோயில் பாடற்குழுவில் என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. குழுவை நடத்தும் லூசி டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் தூணோரம் நிறுத்தி, "மெதுவா பாடு எவ்லின், ஆம்பள குரல் மாதிரி கேக்குது" என்பார். அவளும் வருஷக்கணக்காக மெதுவாகவே பாடினாள். வாய் பாடியது, மனசு பாடவில்லை.

பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த யூஜின் சிங்கப்பூர் வேலைக்குப் போனான். கிட்டாரையும் கையோடு கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து குழுவின் பாட்டு அடி இல்லாத குடம் போல ஆயிற்று. அப்போதுதான் எவ்லின் தூணைவிட்டு முன்னே வந்தாள்.

"டீச்சர், பேஸ் நான் வாசிக்கிறேன்."

"நீயா? அது உன்னவிட நீளமா இருக்குமே, எவ்லின்!"

குழுவே சிரித்தது. சிரிக்கட்டும். சிரிப்புக்குப் பயந்தவள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து நெரிசலில் வேன் ஓட்டுவாளா?

அவள் அசையவில்லை என்று கண்டதும் லூசி டீச்சர் ஒரு கெடு வைத்தார். "சரி. மாதா திருவிழா பவனிக்கு நீ தயாரா இருக்கணும். இல்லன்னா ஜேபிலேர்ந்து காசு குடுத்து ஆள் கூப்பிட்டுருவேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

ஈஸ்டர் முடிந்த கையோடு எவ்லின் ஜேபி என்கிற ஜோகூர் பாருவில் இருக்கிற இசைக்கடைக்குப் போனாள். கூடவே தம்பி ஷான். அவன் இளவட்டத்தில் நாலு நாள் கிட்டார் தட்டியவன், ஆகவே எல்லாம் தெரிந்தவன்.

நுழைந்ததும் கறுப்புப் பளபளப்பில் ஐந்து தந்தி பேஸ் ஒன்றைத் தூக்கினான். "இதான்க்கா! பாரு, எப்படி இருக்கு! குறையிற காசு நான் போடுறேன் லா."

"கத்துக்க வந்தவளுக்கு நாலு தந்தியே அதிகம்டா. அஞ்சாவத வச்சு துணியா காயப்போடுறது?"

ஆனாலும் மாட்டிப் பார்த்தாள். கடை முதலாளி தவுக்கே ஆம்ப்ளிஃபயரைத் திறந்ததும் கடை அதிர்ந்தது. ஆம்ப்ளிஃபயர் போட்டால் எதுவுமே நன்றாகத்தான் கேட்கும் என்று அவளுக்குத் தோன்றியது. காலுக்குக் கிளட்ச் எட்டுகிறதா என்று உட்கார்ந்து பார்க்காமல் அவள் எந்த வேனையும் வாங்கியதில்லை. பவனியில் என்ன நடக்கும்? தேருக்குப் பின்னால் லாரியில் நின்றபடி, பத்துப் பத்து மணியாக ஐந்து தேவ இரகசியம் கொண்ட முழு ஜெபமாலையும் முடிகிறவரை இதைச் சுமக்க வேண்டும்.

எவ்லின் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். தவுக்கேயிடம் நடந்து பார்க்கலாமா என்று மலாயில் கேட்டாள். "போலே, போலே" என்று சம்மதித்தார் அவர், பாவம், விஷயம் தெரியாமல்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

டிரம்ஸ் வரிசையைச் சுற்றி, பியானோவைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.

"அலமாக்! அக்கா, என்னா பண்றே? எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். நீ பதில் சொல்லு."

ஷான் தலையைக் குனிந்துகொண்டு "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று முணுமுணுத்தபடி பின்னால் போனான். இரண்டாவது தேவ இரகசியத்திலேயே கறுப்புக் கிட்டாரின் தலை தரையை நோக்கிச் சாய்ந்தது. வாசிக்க வேண்டிய இடது கை அதைத் தாங்கவே சரியாக இருந்தது. கழற்றி வைத்துவிட்டாள்.

மூலையில் இன்னொன்று இருந்தது. யாரோ வாசித்து விற்றது, பழுப்பு நிறம், ஓரத்தில் பெயிண்ட் உரிந்தது, கழுத்து குட்டையானது.

"அது சின்னப் பிள்ளைங்க வாசிக்கிறது, அக்கா!"

"என் கை பெரியவங்க கையா?"

விரலை விரித்து வைத்தாள். கழுத்தில் குறுக்கே பதித்த முதல் கட்டையிலிருந்து எட்ட வேண்டியதெல்லாம் எட்டியது. தந்திகள் பலகையோடு ஒட்டினாற்போல் தாழ்வாக இருந்ததால் விரல் நோகவில்லை. ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்ததில் ஒன்று மட்டும் கரகரத்தது. தவுக்கே சின்னச் சாவியால் கழுத்தைத் திருகிச் சரிசெய்தார். பிறகு மறுபடியும் நடை. ஐந்து தேவ இரகசியமும் முடிந்தன. தோள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நீண்ட மாதா பிரார்த்தனையையும் அவள் தொடங்கியபோது ஷான் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, பிரார்த்தனை வேணாம் லா! இதையே வாங்கிரு! நானே தூக்கிட்டு வர்றேன்!"

அதன்பின் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அடுத்த நடைக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் வேனுக்குள் பேஸ்தான். விரல்நுனி கொப்பளித்தது, காய்ந்தது, காய்ப்புக் காய்த்தது.

திருவிழா வந்தது. லூசி டீச்சர் கூப்பிட்டு வைத்திருந்த ஜேபி ஆளிடம் இன்னும் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. அவன் லாரிக்குப் பக்கத்திலேயே தன் கிட்டாரோடு நின்றான். எவ்லின் அவனை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். ஜெனரேட்டர் உறுமியது, பவனி கிளம்பியது. பாதி வழியில் தேரின் உச்சி மின்கம்பியில் மாட்டிக்கொள்ள, எல்லாம் நின்றது. மூங்கிலால் கம்பியைத் தூக்குகிறவரை சனத்தைப் பாட்டுதான் கட்டிப்போட வேண்டும். முடிந்த பாட்டே திரும்பத் திரும்ப வந்தது. கீபோர்டு வாசித்தவள் கை வலித்து உதறிக்கொண்டாள். எவ்லின் கடைசி வரிசையில் இல்லை, நடுவில் நின்றாள். அவள் தொட்ட ஒவ்வொரு அடியும் லாரிப் பலகை வழியாக எல்லார் காலிலும் ஏறியது.

லூசி டீச்சர் குனிந்து ஜேபி ஆளிடம், "நீங்க போய்ச் சாப்பிடுங்க தம்பி, சாப்பாடு ரெடி" என்றார். நிமிர்ந்து, "எவ்லின், இன்னும் கொஞ்சம் சத்தமா வை" என்றார்.

சத்தமாக! அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

கீழே மெழுகுவர்த்தியோடு நின்ற ஒரு அம்மா, "யாரது பேஸு?" என்று கேட்டார்.

"எங்க அக்கா," என்றான் ஷான், நெஞ்சை நிமிர்த்தி. "அந்த பேஸ நான்தான் செலக்ட் பண்ணிக் குடுத்தேன்."

எவ்லினுக்குக் கேட்டது. சிரித்துக்கொண்டே ஒலித்திருகியைக் கடைசிவரை திருப்பி, அடித்தந்தியைத் தட்டினாள். வாயையும் திறந்து, தன் குரல் முழுவதையும் விட்டுப் பாடினாள்.