பள்ளத்துக் கம்பம்

தோட்டத்து மேட்டில் நிற்கும் பேரிக்காய் மரம் ஒரு கம்பியை விழுங்கி வைத்திருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு விரல் நீளம், அந்தப் பக்கம் ஒரு விரல் நீளம் துருவேறி நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் உள்ளதெல்லாம் மரத்துக்குள். பக்கத்து நிலத்தை வாங்கியவர்கள் போன மாதம் புது வேலி போட ஆட்களை அனுப்பினார்கள். வந்தவர்கள் பழைய வேலியை வெட்டி எடுத்தார்கள். மரத்துக்குள் இருந்தது மட்டும் வரவில்லை. “மரத்தையே அறுத்துரலாமா பாட்டி?” என்றான் ஒருவன். “அது பாட்டுக்குக் கெடக்கு. உன் சோலியப் பாருய்யா” என்றேன். அது அக்காவும் நானும் கட்டிய கம்பி.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு, ஒரே அடுப்பில் சண்டை போட்டு, பிறகு கட்டினவர்களையும் இழந்து, பக்கத்துப் பக்கத்து நிலத்தில் தனித்தனியே உட்கார்ந்தவர்கள் நாங்கள். அக்கா குள்ளம்; என் தோளுக்குத்தான் வருவாள். பேச்சு மட்டும் என் தலைக்கு மேலே நிற்கும்.

அவள் மகன் கீழே அய்யம்பாளையத்தில் வீடு கட்டிக் குடியேறியிருந்தான். அடுத்தடுத்து இரண்டு போகம் காட்டுப்பன்றி உருளைக்கிழங்கைக் கிளறிப் போட்டதும் மலையேறி வந்து, வாசலில் நின்றபடியே சொன்னான்: “இந்தத் தடவையும் பன்னி உள்ள வந்துச்சுன்னா வேற பேச்சே கெடையாதும்மா. தோட்டத்த விட்டுட்டு என்கூட வந்துரணும்.” அவள் சரி என்றாள். அவன் பஸ் ஏறியதும் என்னிடம் வந்தாள். “ஏ புள்ள, அந்த வெக்கையில போயி நான் எவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? வேலி போடணும், வா.”

கம்பி வலைச் சுருள் வத்தலக்குண்டிலிருந்து காய்கறி லாரியில் வந்து இறங்கியது. ஆள்தான் கிடைக்கவில்லை. நாங்களே இறங்கினோம். சமதரையில் வேலி இழுப்பது துணிக்கொடி கட்டுவது மாதிரி. எங்கள் நிலம் மேட்டில் தொடங்கி, ஓடைப் பள்ளத்தில் இறங்கி, மறுபடி மேடேறும். மேட்டுக்கு மேடு வலையை இழுத்தால் பள்ளத்தில் அது தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். பன்றிக்கு அதுதான் வாசல். அதனால் பள்ளத்தில் ஒரு கம்பம் நட்டு, வலையைக் கீழே அமுக்கி அதில் கட்ட வேண்டும். மற்றக் கம்பங்கள் சும்மா நின்றால் போதும். அந்தக் கம்பம் மண்ணைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஆழக் குழி வெட்டி, அடியில் பெரிய கல்லைக் கட்டிப் புதைத்தால்தான் தாங்கும்.

ஆனால் அந்தப் பள்ளத்தில் எங்கள் கன்னிமார் இருந்தார்கள். ஓடையோரம் ஏழு சின்னக் கற்கள். விதைக்கும் முன் அங்கே பொங்கல் வைப்போம். அந்த மண்ணில் கடப்பாரை படக் கூடாது. முழங்கால் ஆழம் போவதற்குள் அக்கா நிறுத்திவிட்டாள். “போதும். அவங்க காலடிய நோண்டாத.”

“கம்பம் நிக்குமாக்கா?”

“அவங்க பிடிச்சுக்குவாங்க.”

நான் மறுக்கவில்லை. எனக்கும் அவர்கள்தானே தெய்வம்.

மேட்டில் வலையைத் தாங்கும் கம்பியைப் பேரிக்காய் மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, நுனியைக் கடப்பாரையில் மாட்டி நான் நெம்ப, அவள் முறுக்கிக் கட்டினாள். “சோறு திங்கலியாடி? நல்லா நெம்பு!” என்றாள். “ஒன் நாக்கு மாதிரி வெறைப்பா வேணும்னா நான் எங்கிட்டுப் போறது?” என்றேன். சிரிப்பில் பிடி நழுவி, மறுபடி முதலிலிருந்து இழுத்தோம். முடிந்ததும் விரலால் சுண்டினாள், கிண்ணென்றது. சித்திரை வெயிலில் மண்ணும் செங்கல்லாய் இறுகிக் கிடந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் நடையே வேறு.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் வெள்ளனே அவள் குரல் கேட்கவில்லையே என்று போனேன். பள்ளத்துக் கம்பம் மண்ணை விட்டு எழும்பி, வேலியில் அந்தரமாய்த் தொங்கியது. நாங்கள் இழுத்த இழுப்பே ஈர மண்ணிலிருந்து அதைப் பிடுங்கியிருந்தது. ஒரு கம்பி அறவில்லை, ஒரு முடிச்சு அவிழவில்லை. அதன் அடியில் பன்றிகள் போய்வந்த சேறு. உள்ளே தோட்டம் உழுது போட்ட மாதிரி கிடந்தது. கன்னிமார்மேல் தெறித்த சேற்றை அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். “நல்லாத்தான் கட்டிருக்கோம், புள்ள” என்றாள்.

“அவன்கிட்டச் சொல்லாதக்கா. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுதே.”

அவளே மகனுக்குப் போன் பண்ணிச் சொன்னாள்.

அய்யம்பாளையத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் வைத்திருந்தான். காற்றாடிக்கு அடியில் உயரமான கட்டில். அதில் உட்கார்ந்திருந்தாள், கால் தரையைத் தொடவில்லை. வாயாடிக்குப் பேச்சே இல்லை. கிளம்பும்போது, “மேல மழையா?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த மழைக்கு அவள் இல்லை. மகன் நிலத்தைப் பல வருஷம் தரிசாய்ப் போட்டு வைத்திருந்து, இப்போதுதான் விற்றான்.

புது வேலி பள்ளத்தில் அசையாமல் நிற்கிறது. ஆள் உயரம் தோண்டி சிமெண்டு ஊற்றியிருக்கிறார்கள். தோண்டும்போது இடைஞ்சலாய் இருந்த ஏழு கற்களையும் என் பக்கம் தூக்கிப் போட்டார்கள். நான் ஒவ்வொன்றாய்ச் சுமந்து மேடேறி, பேரிக்காய் மரத்தடியில் வைத்தேன். மூச்சு வாங்கியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கையில் அந்தக் கம்பி நுனி பட்டது. இரண்டு பக்கமும் வெட்டியாகிவிட்டது, இழுக்க ஒன்றுமில்லை. ஆட்டிப் பார்த்தேன். தொய்யவில்லை.